புது காரில் லொடலொட சத்தம்: வாரன்டியில் சரிசெய்து வாங்குவது எப்படி?

கேள்வி: வண்டி எடுத்து மூன்று மாதம் ஆகிறது, 4,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டேஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கு நேராக லொடலொடவென்று ஒரு சத்தம். இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்விட்டேன். முதல் முறை "சத்தமே வரலை" என்றார்கள். இரண்டாவது முறை "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்றார்கள். வாரன்டியில் இதைச் சரிசெய்து வாங்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் போன விதத்தில் போனால் மூன்றாவது முறையும் இதே பதில்தான் கிடைக்கும். சில வருடங்கள் சர்வீஸ் அட்வைசராகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். "சத்தம் வரவில்லை" என்று எழுதி மூடிய ஜாப் கார்டுகளில் (புகாரையும் செய்த வேலையையும் பதியும் காகிதம்) என் கையெழுத்தும் நிறைய இருக்கும். அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. எங்களுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒருவர் ஒரே சத்தத்துக்காக நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் டெக்னீஷியன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வருவார். வண்டி ஊமையாகிவிடும். ஐந்தாவது முறை அவருக்குக் கோபம் தலைக்கேறி, "நீங்களே வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். முன்சீட்டில் அவருடைய பை இருந்ததால் நான் பின்னால் ஏறினேன். அவர் பையை எடுத்துப் பின்னால் என்னிடம் கொடுத்தார். முதல் மேட்டில் ஏறியதுமே கிடுகிடுவென்று சத்தம். காலியாக இருந்த முன்சீட்டின் ஹெட்ரெஸ்ட் கம்பி, அதன் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்தால் சீட்டின் முதுகு இறுகி, ஆட்டம் நின்றுவிடும். நான்கு முறையும் சத்தத்தைத் தேடப் போன ஆளே அதன் மேல் உட்கார்ந்து அமுக்கிவிட்டு, "வரலையே" என்று திரும்பியிருக்கிறார்.

உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும். எந்த வேகம், எந்த மாதிரி சாலை, வண்டி சூடா குளிரா, எத்தனை பேர், ஏசி ஓடுகிறதா. அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்து சர்வீஸ் சென்டரின் கையில் கொடுப்பதுதான் உங்கள் பங்கு. கழற்றுவதும் பூட்டுவதும் அவர்கள் வேலை. "சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் அது திரும்பி வரும், சத்தத்தோடு.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். சிரிக்க வேண்டாம், நான் பார்த்த சத்தங்களில் கணிசமானவை இதிலேயே முடிந்தன. கிளவ் பாக்ஸில் கிடக்கும் பேனா, கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், கூரையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடி, சில்லறைக் காசு, சாவிக்கொத்து, குழந்தை சீட்டின் கொக்கி எல்லாம் வெளியே போகட்டும். டிக்கியில் ஜாக்கியும் ஸ்பேனரும் அதனதன் பள்ளத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா, ஸ்டெப்னியை இறுக்கும் திருகு முழுதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் உட்காராத சீட்டின் பெல்ட்டை மாட்டிவிடுங்கள்; அதன் உலோக நாக்கு பக்கத்துத் தூணில் மோதுவது சர்வ சாதாரணம். நம்பர் பிளேட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். டிக்கி மூடும்போது வரும் தகரச் சத்தம் பல நேரம் அதுதான்.

டயர் காற்றையும் அளந்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியிலும் கப்பலிலும் வரும் வண்டிகளுக்கு அளவுக்கு மேல் காற்று அடித்து அனுப்புவது வழக்கம். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க வேண்டும்; அவசரத்தில் சில நேரம் விட்டுப்போகும். கல்லு மாதிரி இருக்கும் டயரில் ஓடினால் நல்ல வண்டியும் தகர டப்பாவாகத்தான் கேட்கும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். சில மாடல்களில் பயணத்தின்போது வண்டி குதிக்காமலிருக்க ஸ்பிரிங்குக்கு இடையில் கட்டைகள் வைத்து அனுப்புவார்கள். அதை எடுக்க மறந்து டெலிவரி கொடுத்த கதைகளும் உண்டு.

இதற்குப் பிறகும் சத்தம் இருந்தால், அதற்கு ஒரு பெயர் வையுங்கள். இந்த விஷயத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு அதிர்ஷ்டம்தான், நம் இரட்டைக்கிளவிகளே பாதி ரிப்போர்ட். லொடலொட, கடகட என்றால் ஏதோ தளர்ந்து இன்னொன்றில் மோதுகிறது. கிறீச், கிறுகிறு என்றால் இரண்டு பரப்புகள் உரசுகின்றன. ஒட்டிக்கொண்டு, நழுவி, மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது வருவது அது, ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தால் வருமே, அதே கதை. ஜிர்ர்ர் என்று ஒரே சுருதியில் பாடினால் மெல்லிய தகடோ பிளாஸ்டிக்கோ இன்ஜினின் அதிர்வில் ஒத்திசைந்து நடுங்குகிறது. டொக் டொக் என்று அடியிலிருந்து வந்தால் சஸ்பென்ஷன் பக்கம் பார்க்க வேண்டும். ஜாப் கார்டில் "நாய்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் எழுத விடாதீர்கள். உங்கள் வாயில் வருகிற சொல்லையே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் நிபந்தனை. வண்டியை நிறுத்திவைத்து, பார்க்கிலோ நியூட்ரலிலோ போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். நின்ற வண்டியிலேயே சத்தம் வந்தால் காரணம் இன்ஜின் அதிர்வு. எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு, ஏதாவது ஒரு குழாய், ஒரு வயர் கட்டு எதுவாகவும் இருக்கலாம். நின்றால் வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் சாலையின் அதிர்வு. கரடுமுரடான சாலையில் சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறதா? பிரேக் பேட் அதன் இடத்தில் ஆடுகிறது. சிறு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது மட்டும் டொக்டொக் என்றால், வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் மேல் சந்தேகம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டக் என்றால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட். ரேடியோ ஓடும்போது மட்டும் கதவு ஜிர்ரென்றால் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஏதோ தளர்வு. அதைப் பிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: கீழ் சுருதியிலிருந்து மெல்ல ஏறும் டோன் ஒன்றை போனிலிருந்து காரின் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நின்ற வண்டியில் ஒவ்வொரு பேனலாகக் கை வைத்துப் பாருங்கள். எந்தச் சுருதியில் எது ஆடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

வெயிலையும் குளிரையும் லேசாக நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் நீள எஃகு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்துக்கு, எதுவும் கலக்காத பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். டால்க் பொடியோ கண்ணாடி இழையோ கலந்து இதைக் குறைப்பார்கள். குறைத்தாலும் எஃகைவிடச் சில மடங்கு அதிகம்தான். இப்போது நினைத்துப் பாருங்கள்: அடியில் எஃகுச் சட்டம், மேலே ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் டேஷ்போர்டு, நடுவில் கிளிப்புகள். விடியற்காலைக் குளிரில் சுருங்கிக் கிடக்கும், மதிய வெயிலில் விரிந்து கிளிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஆபீஸ் போகும்போது வரும் சத்தம், பதினொரு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியை டெக்னீஷியன் எடுத்து ஓட்டும்போது எப்படி வரும்? உங்கள் சத்தம் குளிரில் வருவது என்றால், முதல் நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, "நாளை காலை முதல் ஓட்டத்தில் கேளுங்கள்" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

வீடியோ எடுங்கள், ஆனால் ஓட்டிக்கொண்டு எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஸ்பீடோமீட்டரும் சாலையும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஏசி ஃபேன், ரேடியோ இரண்டும் நிறுத்தியிருக்கட்டும். போன் மைக் பின்னணி இரைச்சலைத் தானே வடிகட்டுவதால் உங்கள் காதுக்குப் பெரிதாகக் கேட்பது அதில் சின்னதாகத்தான் பதிவாகும். பரவாயில்லை. வீடியோவை வைத்து யாரும் பழுதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. "சத்தமே இல்லை" என்று சொல்ல முடியாமல் செய்வதற்குத்தான் அது.

இனி சர்வீஸ் சென்டர். அங்கே எப்படிப் பணம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். வாரன்டி வேலைக்கு உங்களிடம் வாங்காத கூலியை சர்வீஸ் சென்டர் கார் கம்பெனியிடம் கேட்டு வாங்குகிறது. கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று ஓர் அளவு வைத்திருக்கும். பம்பு மாற்ற இவ்வளவு, கதவு டிரிம் (உள்பக்கத்து மூடுபலகை) கழற்றிப் பூட்ட இவ்வளவு. சத்தத்தைத் தேடி மூன்று மணி நேரம் சுற்றியதற்கு அந்த அட்டவணையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. முடித்த வேலைக்கு ஏற்பச் சம்பாதிக்கும் டெக்னீஷியனுக்கு உங்கள் லொடலொட சத்தம் நஷ்டக் கணக்கு. அதனால்தான் ஒரு சுற்று போய்விட்டு "வரலை" என்று எழுதுவது அங்கே எளிதாகிறது. ஆனால் "இந்த வேகத்தில், இந்த மாதிரி சாலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, இந்த இடத்தில், கையால் இங்கே அமுக்கினால் நிற்கிறது" என்று நீங்கள் கொண்டுபோனால் மூன்று மணி நேரத் தேடல் இருபது நிமிட வேலையாகச் சுருங்கிவிடும். அப்போது அவரும் மனம் வைத்துச் செய்வார்.

கூட்டம் மொய்க்கும் நாளில் போகாதீர்கள். முன்கூட்டியே போன் செய்து, "எனக்கு ஆயில் சர்வீஸ் எல்லாம் வேண்டாம், ஒரு சத்தம் மட்டும். ஃபோர்மேனோடு ஒரு டெஸ்ட் டிரைவ் வேண்டும்" என்று நேரம் வாங்குங்கள். அட்வைசரோடு போகும் டிரைவ் மரியாதைக்கு. பழுது பார்ப்பவர் காதில் விழுந்தால்தான் வேலை நடக்கும். சத்தம் வரும் சாலை சர்வீஸ் சென்டரிலிருந்து தூரம் என்றால், அதே மாதிரி சாலை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், அவர் காது கொடுக்கட்டும். முன்சீட்டில் ஒரு முறை, பின்சீட்டில் ஒரு முறை. ஏன் என்று மேலே சொன்ன கதையிலேயே தெரிந்திருக்கும். இடம் பிடிபடவில்லை என்றால், "கிளிப் மைக் செட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சந்தேகப்படும் இடங்களில் மைக்கைக் கவ்வ வைத்து, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக ஹெட்போனில் கேட்கும் கருவி அது. சஸ்பென்ஷன் சத்தங்களுக்குப் பிரமாதம். எல்லா இடத்திலும் இருக்காது, இருக்கிற இடத்திலும் பல நேரம் அலமாரிக்குள்தான் இருக்கும்.

"இந்த மாடலே இப்படித்தான்" என்று சொன்னார்களே, அதற்கு ஒரே மருந்து இன்னொரு வண்டி. ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருக்கும் அதே மாடலை, அதே ஃபோர்மேனோடு, அதே சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் சத்தம் வரவில்லை என்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது, ஜாப் கார்டில் அதையும் எழுத வையுங்கள். அதிலும் வந்தால் கொஞ்சம் கசப்புதான், இருந்தாலும் வழி அடைபடவில்லை. ஒரு மாடல் முழுவதிலும் வரும் சத்தத்துக்குக் கம்பெனியே சில நேரம் தீர்வு கண்டுபிடித்து, டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் என்ற பெயரில் தன் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும். எந்த கிளிப்பை மாற்றுவது, எங்கே ஃபெல்ட் ஒட்டுவது என்று படத்தோடு இருக்கும். "என் சேஸிஸ் நம்பரைப் போட்டு, இதற்குப் புல்லட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். கேட்காமல் பலர் பார்ப்பதில்லை. இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

சில சத்தங்கள் உண்மையிலேயே பழுது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுத்து முதல் சில மீட்டர் நகர்ந்ததும் ஒரு சின்ன டக், ஏபிஎஸ் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது. நிறுத்திய பிறகு அடியில் டிக் டிக் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் ஆறிச் சுருங்குகிறது. ஏசியை அணைத்ததும் டேஷ்போர்டுக்குள் உஸ்ஸென்று ஒரு மூச்சு, குளிர்வாயு அடங்கும் சத்தம். நேரடியாக எரிபொருள் பீச்சும் பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் டிக்டிக் என்பதும் இயல்பு. மின்சாரக் காரில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். மூடி மறைக்க இன்ஜின் சத்தம் இல்லாததால் எல்லாமே காதில் விழும்.

எழுத்து ரொம்ப முக்கியம். சத்தம் கிடைக்காவிட்டாலும் ஜாப் கார்டு திறக்க வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், உங்கள் புகார், அவர்கள் பார்த்தது, செய்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும், நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். "சும்மா ஒரு ரவுண்டு பார்த்துடலாம் சார், கார்டு எதுக்கு" என்று அன்பாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்தது எந்தக் கணக்கிலும் வராது. வாரன்டி முடிந்து இரண்டு மாதத்தில் அதே சத்தத்தோடு போகும்போது, "வாரன்டிக்குள்ளேயே புகார் கொடுத்திருக்கிறேன்" என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தக் காகிதம்தான். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்களும், ஒரே பழுதுக்கு எத்தனை முறை வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதைப் பார்க்கும். அதற்கும் இதுவே சான்று.

வாரன்டி புத்தகத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள். வண்டிக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே சின்ன எழுத்தில், "அட்ஜஸ்ட்மென்ட்" வகை வேலைகளுக்குத் தனிக் கெடு சில கம்பெனிகளில் உண்டு, முதல் 12 மாதம் என்பது போல. கதவு பொருந்தாமல் இருப்பது, காற்றுச் சத்தம், லொடலொட எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். அதனால் "அடுத்த சர்வீஸில் சேர்த்துச் சொல்லிக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு ஜாப் கார்டு முறையாக ஆகியும் தீரவில்லை என்றால் சர்வீஸ் மேனேஜரிடம் போய், கம்பெனியின் ஃபீல்டு இன்ஜினியர் அடுத்து வரும் நாளில் உங்கள் வண்டியைக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல்களோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சத்தம் போட வேண்டாம். கவுன்டரில் கத்தியவரின் வண்டி சீக்கிரம் கிளம்பிப் போகும், சரியாகிப் போகாது. தேதி வாரியாக நான்கு வரி எழுதியவரின் வண்டிதான் ஃபீல்டு இன்ஜினியரின் பட்டியலில் ஏறும். வேறு சர்வீஸ் சென்டரை முயற்சி செய்வதிலும் தவறில்லை. அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் வாரன்டி அங்கேயும் செல்லும்.

நீங்களே கையை வைப்பது பற்றி. கதவு பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) கிறீச்சிட்டால் ஈரத் துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவலாம். பெட்ரோலியம் சார்ந்த ஸ்பிரேக்கள் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஆனால் கண்ணாடியை ஒட்டிய தூண் டிரிம்மைப் பிடுங்கிப் பஞ்சு திணிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பல வண்டிகளில் அதற்குப் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் கிளிப்புகளில் பல, ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். விபத்தில் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். "வெளியே கழற்றியிருக்கிறார்கள்" என்று வாரன்டியை மறுக்க நீங்களே காரணம் கொடுத்தது போலவும் ஆகும்.

சர்வீஸ் சென்டர் கழற்றினாலும் ஒவ்வொரு கழற்றலிலும் ஏதாவது ஒரு கிளிப் தளரும், ஏதாவது ஒரு பிளாஸ்டிக் நாக்கு உடையும். அதனால் இடம் உறுதியாகத் தெரியாமல் "டேஷ்போர்டை முழுசா இறக்கிப் பார்க்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காதைத் தீட்டினால்தான் கேட்கிறது என்கிற அளவுக்குச் சின்னச் சத்தம் என்றால், நானாக இருந்தால் ஜாப் கார்டில் பதிந்துவிட்டு ஒரு வருடம் விட்டுவிடுவேன். இந்தப் பொறுமை டிரிம் சத்தங்களுக்கு மட்டும். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் இவற்றிலிருந்து வருவதற்குப் பொறுக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு டக் டக் என்று கேட்டால் அப்படியே ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். பக்கத்து சீட்டுக்கு நேராக என்றால் என் முதல் சந்தேகம் கிளவ் பாக்ஸ். அதைத் திறந்து வைத்து ஒரு முறை, அதன் மூடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை ஓடிப் பாருங்கள். ஓட்டுவது நீங்கள், பிடிப்பது வேறொருவர். சத்தம் மாறினால் அதன் தாழ்ப்பாளோ ஓரத்து ரப்பர் பொத்தான்களோதான். மாறவில்லை என்றால், பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் ஏசி ஃபில்டரின் மூடி இருக்கும். இதற்குள் யாராவது ஃபில்டரைத் திறந்து பார்த்திருந்தால் அந்த மூடி சரியாகப் பூட்டாமல் ஆடலாம். அதுவும் இல்லையென்றால் டேஷ்போர்டு முன்கண்ணாடியைத் தொடும் விளிம்பை, தூணின் அடியை, ஏசி துவாரத்தின் சட்டத்தை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக அமுக்கச் சொல்லுங்கள். எங்கே அமுக்கினால் சத்தம் நிற்கிறதோ அங்கே காகித மாஸ்கிங் டேப்பைச் சின்னதாக ஒட்டி, பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த டேப்போடு வண்டியை விடுங்கள். "டேப் ஒட்டிய இடத்தில், 30லிருந்து 40 வேகத்தில், லொடலொட, அமுக்கினால் நிற்கிறது" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். டேப்பை நீங்கள் எடுக்க வேண்டாம். வண்டியைத் திருப்பி எடுக்கும் நாளில் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே சாலையில் ஒரு சுற்று போய் வந்த பிறகு, அவர் கையாலேயே எடுக்கட்டும்.